நிறுத்து நிறுத்தும் கார்

நம் சங்க மலரில் இலக்கியம் வரும், கோயில் வரலாறு வரும், கல்வெட்டு வரும். எனக்கும் அவற்றில்தான் ஈடுபாடு. முன்பெல்லாம் நானும் அப்படிப்பட்ட கட்டுரைகளைத்தான் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு ஒரு பொம்மைக் காரைப் பற்றி எழுதப் போகிறேன். மலர்க் குழுவினர் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி.

தலைப்பைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். 'நிறுத்து' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். தராசில் வைத்து எடை பார்ப்பதும் நிறுத்தல். ஓடுகிற வண்டியை நிற்க வைப்பதும் நிறுத்தல். முன்னது 'நிறு' என்ற வினையிலிருந்து வருகிறது. 'நிறுத்துக் கொடுத்தான்' என்றால் எடை போட்டுக் கொடுத்தான். பின்னது 'நில்' என்பதன் பிறவினை. 'நிறுத்திக் கொடுத்தான்' என்றால் ஓடியதை நிற்கச் செய்தான். இந்த இரண்டு நிறுத்தலும் ஒன்றாகச் சேர்கிற ஓர் இடத்தை எனக்குக் காட்டியவள் ஒரு கல்லூரி மாணவி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் நான் செய்த ஒரு தவறும் வரும். அதையும் மறைக்கப் போவதில்லை.

மும்பை பிரின்ஸஸ் தெருவில் நாற்பது வருடமாக இரசாயனச் சரக்கு வியாபாரம் செய்கிறேன். படித்தது பள்ளி இறுதி வரைக்கும்தான். மற்றதெல்லாம் கடையில் கற்றதும், நூலகத்தில் கற்றதும். ஒரு நாள் மாலை, சயானில் இருக்கும் என் பழைய நண்பரின் பேத்தி கடைக்கு வந்தாள். வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு.

"நயினார் தாத்தா, பொட்டாசியம் அயோடைடு வேணும், ஹைட்ரஜன் பெராக்சைடு வேணும். கார் நிறுத்தறதுக்கு."

"ஏம்மா, காரை நிறுத்த பிரேக் போதாதா?"

"பிரேக் வெச்சா டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்க தாத்தா!"

அங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது.

போட்டி என்ன?

அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம் 1908-இல் தொடங்கிய பழைய அமைப்பு. அது கல்லூரி மாணவர்களுக்காக 1999 முதல் தேசிய அளவில் ஒரு போட்டி நடத்தி வருகிறது. 'கெம்-இ-கார்' என்று பெயர். அதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் நடத்தத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் வேதிப் பொறியியல் கல்லூரிகளில் நடக்கிறது, பவாய் ஐ.ஐ.டி. மாணவர்கள் நடத்தும் 'அசியோட்ரோப்பி' விழாவிலும் இது உண்டு.

விதிகள் சுருக்கமாக இவை. கார் ஏறக்குறைய ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதை ஓட்டும் சக்தி இரசாயன வினையிலிருந்து வர வேண்டும். கடையில் வாங்கிய பேட்டரியால் ஓட்டக்கூடாது. எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது முன்னதாகத் தெரியாது. 15 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குள் ஏதோ ஒரு தூரம். கூடவே அரை லிட்டர் வரைக்கும் தண்ணீர்ப் பாரம். இரண்டையும் போட்டிக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் சொல்வார்கள். அந்தத் தூரத்தில் போட்ட கோட்டுக்கு மிக அருகில் எந்தக் கார் நிற்கிறதோ அதற்குப் பரிசு. வேகத்துக்குப் பரிசு கிடையாது. இரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் போதும். இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம். இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள்.

முக்கியமான நிபந்தனை இனித்தான். பிரேக் கூடாது. கடிகாரம் வைத்த சுவிட்ச் கூடாது. ரிமோட் கூடாது. கார் தானாக நிற்க வேண்டும்; நிற்க வைப்பதும் ஓர் இரசாயன வினையாகவே இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு வியப்பாக இருந்தது. இரசாயனத்துக்கு மீட்டர் தெரியுமா? இருபது மீட்டர் வந்தாயிற்று, நிற்போம் என்று அதற்கு யார் சொல்வது?

புறப்படுவது எப்படி?

முதலில் புறப்பாட்டைப் பார்த்துவிடுவோம். இதற்குப் பல வழிகள் உண்டு. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் கரியமில வாயு பொங்கும். அதை மூடிய கலத்தில் அடக்கி, அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றலாம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிகலத்தில் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம். வாயு அழுத்தத்தில் ஒரு சங்கடம் என்னவென்றால், தொடக்கத்தில் வேகமும் போகப் போகத் தளர்ச்சியும் இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் கலம் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

இந்தப் பெண்ணின் குழு தேர்ந்தெடுத்தது அலுமினியம்–காற்று மின்கலம். ஒரு பக்கம் அலுமினியத் தகடு. மறு பக்கம் காற்றை உள்ளே விடுகிற கரித் தகடு. நடுவில் காரப் பொட்டாஷ் கரைசல். அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கொடுப்பவனிடமிருந்து வாங்குபவனிடம் எலக்ட்ரான்கள் நேரே போகாமல், கம்பி வழியாகச் சுற்றிப் போகும்படி செய்தால் அதுதான் மின்சாரம். போகிற வழியில் மோட்டார் இருந்தால் சுழலும். ஒரு கலத்தில் கிடைக்கிற மின்னழுத்தம் சுமார் ஒரு வோல்ட்; அதனால் நாலைந்து கலங்களை வரிசையாக இணைத்திருந்தார்கள்.

கரைசலை ஊற்றியதும் ஓட்டக்கூடாது, கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும் என்றாள். மின்னழுத்தம் முதலில் ஏறி இறங்கிப் பிறகு ஒரு நிலைக்கு வரும். அந்த நிலைக்கு வந்த பிறகு ஓட்டினால் கார் சீரான வேகத்தில் போகும். இவர்கள் கார் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் போயிற்று.

அந்தச் சீரான வேகம்தான் அடித்தளம். வேகம் மாறாதென்றால், தூரத்தைக் காலமாக மாற்றிவிடலாம். 20 மீட்டருக்கு 50 வினாடி. இனிமேல் இரசாயனத்துக்கு மீட்டர் தெரிய வேண்டியதில்லை. 50 வினாடி தெரிந்தால் போதும்.

நிற்பது எப்படி?

சரி, 50 வினாடியை ஓர் இரசாயனம் எப்படி எண்ணும்?

காரின் நடுவில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. அதன் ஒரு பக்கம் ஒரு சின்ன விளக்கு. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணர்கிற மின்தடை, கடைக்காரர்கள் எல்.டி.ஆர். என்பார்கள். குப்பியில் உள்ள நீர் தெளிவாக இருக்கிற வரை வெளிச்சம் ஊடுருவும், மோட்டாருக்கு மின்சாரம் போகும். நீர் கறுத்தால் வெளிச்சம் மறையும், மின்சுற்று அறுபடும், கார் நிற்கும். ஆக, தெளிந்த நீர் சரியாக 50-ஆவது வினாடியில் சட்டென்று கறுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தால் பயன் இல்லை.

அப்படிக் கறுக்கிற வினை ஒன்று உண்டு. 'அயோடின் கடிகாரம்' என்று பெயர். நான் அதைக் கடையிலேயே பார்த்தேன். இரண்டு தெளிந்த நீரை அந்தப் பெண் ஒன்றாக ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. பத்து வினாடி, இருபது வினாடி, தண்ணீர் மாதிரியே இருந்தது. திடீரென்று கண் மூடித் திறப்பதற்குள் மை கொட்டினது போல் கருநீலம்! கடைப் பையன் ஓடி வந்து பார்த்தான்.

உள்ளே நடப்பது இதுதான். பொட்டாசியம் அயோடைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புளிப்புக் கரைசலில் சேர்ந்தால் மெல்ல மெல்ல அயோடின் உண்டாகும். அயோடின் மாவுச்சத்தைத் தொட்டால் கருநீலம் ஆகும். கஞ்சித் தண்ணீரில் டிங்சர் விழுந்தால் நீலமாவதை எல்லோரும் பள்ளியில் பார்த்திருப்போம். இந்த இரண்டு மட்டும் இருந்தால் நீர் உடனேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு காவலாளி வேண்டும். அதுதான் சோடியம் தயோசல்ஃபேட். எங்கள் கடைப் பேச்சில் 'ஹைப்போ'.

அயோடின் பிறக்கப் பிறக்க, அது மாவைத் தொடுவதற்கு முன்பே ஹைப்போ பிடித்து மறுபடி அயோடைடாக மாற்றிவிடும். அயோடின் பிறப்பது மெதுவாக. ஹைப்போ பிடிப்பது மின்னல் வேகத்தில். ஆனால் ஒவ்வோர் அயோடினுக்கும் இரண்டு ஹைப்போ செலவாகிவிடும். இப்படிச் செலவாகிச் செலவாகி, கடைசி ஹைப்போவும் தீர்ந்த கணத்தில் அடுத்துப் பிறக்கிற அயோடினைத் தடுக்க ஆள் இல்லை. அது மாவைத் தொடுகிறது. நீர் கறுக்கிறது. கார் நிற்கிறது.

அதாவது, காரை நிறுத்துவது எந்த விசையும் அல்ல. ஒரு சரக்கு தீர்ந்துபோவதுதான். எவ்வளவு சரக்கு வைத்தோமோ அவ்வளவு நேரம். எடை போட்டதுதான் காலம் ஆகிறது. நம் முன்னோர் வைத்திருந்த நாழிகை வட்டில் ஞாபகம் வருகிறதா? முல்லைப்பாட்டில் 'குறுநீர்க் கன்னல்' என்று அதற்குப் பெயர். அங்கே நீரின் அளவு பொழுதைச் சொல்லிற்று. இங்கே ஹைப்போவின் அளவு சொல்கிறது.

யார் கண்டது?

அயோடினைக் கண்டவர் பேராசிரியர் அல்லர். பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சு வெடியுப்பு உற்பத்தியாளர். 1811-இல் கடற்பாசிச் சாம்பலில் வேலை செய்கையில் ஊதா நிற ஆவி எழுவதைப் பார்த்தார். அந்தக் கண்டுபிடிப்பால் அவருக்குப் பணம் சேரவில்லை; 1838-இல் வறுமையில்தான் இறந்தார். ஹைப்போவைப் புகழ்பெறச் செய்தவர் ஆங்கிலேய வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819-இல் கண்டார். 1839-இல் அதுவே புகைப்படம் அழியாமல் நிலைபெறச் செய்யும் மருந்தாயிற்று. டிஜிட்டல் கேமரா வருகிற வரைக்கும் மும்பை ஸ்டூடியோக்காரர்கள் என்னிடம் மூட்டை மூட்டையாக ஹைப்போ வாங்கினார்கள். என் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கு அதனால் வந்தது.

இந்த இரண்டையும் கடிகாரமாகச் சேர்த்தது 1860-களில். ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்க்கோர்ட் என்ற வேதியியலாரும் எஸ்ஸன் என்ற கணித அறிஞரும் ஒன்றாக உட்கார்ந்து, இன்று மாணவர்கள் காரில் வைக்கிற இதே பெராக்சைடு–அயோடைடு வினையை அளந்தார்கள். கொஞ்சம் ஹைப்போ விடுவது, நீலம் வரும் நேரத்தைக் குறிப்பது, மறுபடி கொஞ்சம் விடுவது, மறுபடி குறிப்பது. இரசாயன வினைக்கு வேகம் உண்டு, அந்த வேகத்துக்குக் கணக்கு உண்டு என்று காட்டிய முன்னோடிகளில் அவர்கள் இருவர். பிறகு 1886-இல் லாண்டோல்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அயோடேட்டும் சல்ஃபைட்டும் கொண்டு செய்த வினை புகழ்பெற்று, 'லாண்டோல்ட் கடிகாரம்' என்றே பெயர் பெற்றது.

நேரத்தை மாற்றுவது எது?

மற்றவற்றை மாற்றாமல் ஹைப்போவை இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். அயோடைடையோ பெராக்சைடையோ இரட்டித்தால் நேரம் பாதியாகும். அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பட்டியல் இருந்தது. ஹைப்போ கரைசல் 2 மி.லி. விட்டால் 20 வினாடி, 4 மி.லி. விட்டால் 40 வினாடி, 5 மி.லி. விட்டால் 50 வினாடி. குறைகிற அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மொத்த அளவை மாற்றாமல் வைத்திருந்தாள். போட்டியன்று தூரத்தைச் சொன்னதும் பட்டியலைப் பார்த்து ஊசிக்குழலில் அளந்து விட வேண்டியதுதான்.

இன்னொரு மறைமுக எதிரி உண்டு. வெப்பம். பத்து டிகிரி கூடினால் இந்த வினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். ஒரு டிகிரிக்கு ஏழெட்டு விழுக்காடு. 20 மீட்டர் ஓட்டத்தில் அது ஒன்றரை மீட்டர்! வராந்தாவில் பழகிவிட்டு ஏ.சி. போட்ட அரங்கில் ஓட்டினால் கார் கோட்டைத் தாண்டிப் போகும். ஆகவே குப்பிகளை அரங்குச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே கலக்க வேண்டும்.

சில குழுக்கள் வேறு வழியும் கையாள்கின்றன. மெல்லிய மக்னீசிய நாடாவை மோட்டாரின் மின்சுற்றில் கம்பி போல வைத்து, அதை அமிலத்தில் நனைத்துவிடுவார்கள். நாடா கரைந்து அறுந்ததும் மின்சாரம் நின்றுவிடும். எளிமையானது. ஆனால் நாடாவின் கனம் ஓரிடத்தில் கூடக்குறைய இருந்தாலும் கணக்கு பிசகும். கடிகார வினையில் அளவை நாமே நுட்பமாக மாற்றலாம் என்பதால் அதைப் பலர் விரும்புகிறார்கள்.

நான் செய்த பிழை

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

போட்டிக்கு முதல் நாள் இரவு அந்தப் பெண் போன் செய்தாள். கல்லூரியில் கொடுத்த ஹைப்போ தீர்ந்துவிட்டது, காலையில் புதுக் கரைசல் போட வேண்டும் என்றாள். கடையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் இரண்டு விதம் இருந்தது. ஒன்று கற்கண்டு மாதிரிப் படிகம், ஸ்டூடியோக்காரர்கள் வாங்குகிற வகை. மற்றது நீர் நீக்கிய வெள்ளைத் தூள், விலையும் கூடுதல். குழந்தைக்கு உயர்ந்த சரக்காகக் கொடுப்போமே என்று தூளைக் கொடுத்தேன். காசும் வாங்கவில்லை. மனசுக்குள் பெருமை வேறு.

மறுநாள் நானும் அரங்கின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். தூரம் 20 மீட்டர் என்று அறிவித்தார்கள். முதல் ஓட்டம். கார் அழகாகப் புறப்பட்டது. 10 மீட்டர், 15 மீட்டர், 20 மீட்டர். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி நிம்மதியாகப் போய்க்கொண்டே இருந்தது. 31 மீட்டரைத் தாண்டித்தான் நின்றது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கூட்டாளிப் பையன் ஒருவன் கண் கலங்கிவிட்டான். ஆறு மாத உழைப்பு.

அந்தப் பெண் அழவில்லை. நாடாவால் தூரத்தை அளந்தாள்: 31.6 மீட்டர். அதை 20-ஆல் வகுத்தாள்: 1.58. பிறகு மேசையில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி லேபிளைப் படித்தாள். நான் கொடுத்த பாட்டிலைக் கையில் எடுத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

விஷயம் இதுதான். படிக ஹைப்போவில் ஒவ்வொரு மூலக்கூற்றோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் ஈரம் தெரியாது; ஆனால் 100 கிராம் படிகத்தில் 36 கிராம் தண்ணீர்தான். மயில்துத்தத்திலும் இப்படித்தான் ஐந்து நீர்; அதைச் சூடாக்கினால் நீர் போய் நீலம் வெளுக்கும். படிக ஹைப்போவின் மூலக்கூறு எடை 248.2. நீர் நீக்கிய தூளின் எடை 158.1. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.57. அவளுடைய பட்டியல் முழுவதும் படிகத்தை வைத்துப் போட்டது. கால் லிட்டருக்கு 6.2 கிராம். அதே 6.2 கிராம் தூளைப் போட்டபோது ஹைப்போ ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விட்டது. காவலாளிகள் கூடிவிட்டார்கள், கார் அவ்வளவு தூரம் ஓடிற்று. 3.95 கிராம் போட்டிருக்க வேண்டும்.

நாற்பது வருடம் இந்த இரண்டையும் விற்றவன் நான். ஒன்றில் தண்ணீர் உண்டு, ஒன்றில் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாங்குகிறவனிடம் அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் வியாபார தர்மம். 'உயர்ந்த சரக்கு' என்ற மிதப்பில் அதைச் சொல்ல மறந்தேன். பெயர் ஒன்றுதான், சுத்தமும் கூடத்தான். ஆனாலும் அவள் கேட்ட சரக்கு அதுவல்ல.

கலவையைப் புதிதாகப் போட நேரமில்லை. அவள் 158.1-ஐ 248.2-ஆல் வகுத்தாள்: 0.637. 5 மி.லி.க்குப் பதில் 3.2 மி.லி. கரைசல் எடுத்தாள், மீதி 1.8 மி.லி.க்குத் தண்ணீர் விட்டாள். அவ்வளவுதான். இரண்டாவது ஓட்டம். 20 மீட்டர் கோட்டைத் தாண்டி முக்கால் மீட்டரில் கார் நின்றது. அந்த முக்கால் மீட்டருக்கு அரை டிகிரிச் சூட்டு வித்தியாசமே போதும். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் சிரித்த பிள்ளைகள் எழுந்து கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தாத்தா, புதுக் கரைசலை ஒரு தடவை டெஸ்ட் பண்ணாம எடுத்துட்டு வந்தது எங்க தப்பும்தான்" என்றாள். பெரிய மனசு. ஆனாலும் அன்று முதல் என் கடையில் ஹைப்போ பாட்டில் ஒவ்வொன்றிலும் 'படிகம், நீர் உண்டு' அல்லது 'தூள், நீர் இல்லை' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வீட்டில் பார்க்க விரும்பினால்

பெரியவர்கள் கூட இருந்து, குழந்தைகளுக்கு இதைக் காட்டலாம். 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை இரண்டைப் பொடித்துக் கால் டம்ளர் தண்ணீரில் கரையுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு தேக்கரண்டி டிங்சர் அயோடினோடு சேர்த்தால் பழுப்பு நிறம் மறையும். மறையாவிட்டால் இன்னும் சில சொட்டு வைட்டமின் நீர் விடுங்கள். பிறகு கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் சேருங்கள். இன்னொரு டம்ளரில் அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர், காயம் கழுவ மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்று தேக்கரண்டி, நீர்த்த வடிகஞ்சி ஒரு தேக்கரண்டி. இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். இங்கே ஹைப்போவின் வேலையை வைட்டமின் சி செய்கிறது. அது தீர்ந்ததும் நீலம்.

வைட்டமினைக் கூட்டிப் பாருங்கள், நேரம் கூடும். தண்ணீரைக் குளிர வைத்துப் பாருங்கள்; அப்போதும் கூடும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். வாயில் வைக்கக்கூடாது, சமையல் பாத்திரத்தில் செய்யக்கூடாது. துணியில் கறை பட்டால் வைட்டமின் சி கரைசலாலேயே போக்கலாம். காரில் வைக்கிற காரப் பொட்டாஷை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம். அது தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். அலுமினியத்தோடு சேர்ந்தால் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வரும். அதெல்லாம் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையோடு.

முடிவாக

அளவைகள் நான்கு என்பது நம் மரபு: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். இந்தச் சின்னக் காரில் நான்கும் இருக்கின்றன. வினாடியை எண்ணுகிறார்கள். ஹைப்போவை எடுத்தல் அளவையால் எடை பார்க்கிறார்கள். கரைசலை முகந்து அளக்கிறார்கள். தரையில் நாடாவை நீட்டித் தூரம் பார்க்கிறார்கள். நான்கில் ஒன்று பிசகினாலும் கார் ஊர் போய்ச் சேராது, அல்லது ஊரைத் தாண்டிப் போய்விடும்.

நம் வீடுகளில் பிள்ளைகள் வேதியியலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். மூலக்கூறு எடை என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிற ஓர் எண். அந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டால் ஒரு கார் பதினோரு மீட்டர் தள்ளிப் போகும் என்று கண்ணால் பார்த்த பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது. நாளைக்கு அதே பிள்ளை மருந்துத் தொழிற்சாலையில் நிற்கும்போது, 'பெயர் சரியாக இருக்கிறது, நீர் உள்ளதா, இல்லாததா?' என்று கேட்கும். மருந்தில் ஒன்றரை மடங்கு தவறினால் கை தட்ட யாரும் இருக்க மாட்டார்கள். பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பிள்ளை இப்படி ஒரு போட்டிக்குப் போகிறேன் என்றால், 'படிப்பு கெட்டுவிடும்' என்று தடுக்காதீர்கள்.

போட்டி முடிந்த அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் 'நிறுத்து' என்ற சொல்லின் இரண்டு பொருளையும் சொன்னேன். மும்பையில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நிறுத்துத்தான் நிறுத்தணும், இல்லையா தாத்தா?" என்றாள். நான் எழுதிக் கொடுத்த அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதிக் காரின் பின்புறம் ஒட்டியிருக்கிறாள். றகரம் கொஞ்சம் கோணல்தான். அடுத்த ஆண்டு போட்டிக்கு அந்தக் கார் அந்தச் சீட்டோடுதான் போகப்போகிறது. இந்த முறை படிக ஹைப்போவை நானே நிறுத்துக் கொடுப்பேன்.